வறுமையைப் பார்க்க வந்தவர்களுக்கு முந்திரிக் கேசரி

கேசரி வாசனை சந்தின் முனையிலேயே வந்துவிட்டது. மர்பி டவுனில் எங்கள் சந்து அப்படியொன்றும் அகலமானதல்ல. எந்த வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடலாம். நெய், ஏலக்காய், அதோடு வறுத்த முந்திரி. அன்று சாதாரணப் புதன்கிழமை. பண்டிகை இல்லை, யாருக்கும் பிறந்தநாள் இல்லை. எந்த வீட்டுக்கு இப்படித் திடீர் யோகம் அடித்தது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

எதிரே இருவர் வந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், கையில் பழுப்பு நிற ஃபைல். அவர் பக்கத்தில் பச்சைக் குடை பிடித்த ஒரு பெண்மணி. அந்த மனிதர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தார். ஃபைலின் ஓரத்தில் புதிதாக ஒரு நெய்க்கறை. பெண்மணி என் முகத்தை எங்கேயோ பார்த்தவர்போல ஒரு நொடி நின்றார். பிறகு லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குள் நுழைந்தால், யோகம் அடித்தது எங்கள் வீட்டுக்குத்தான். அம்மா கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வரும் நீலப் புடவையில் உட்கார்ந்து, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் இரண்டு தட்டுகள், வழித்துச் சாப்பிட்டுக் காலியாக இருந்தன. பஜ்ஜி பொரித்த எண்ணெய் இன்னும் ஆறவில்லை.

"எனக்கு?"

"ஒன்னும் மிச்சம் இல்லடி. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கி சாப்ட்டாங்க."

"யாரும்மா வந்தது?"

"வந்தவங்க வந்தாங்க, போய்ட்டாங்க. உனக்கு இன்னாத்துக்கு? போய் மூஞ்சி கழுவு."

ஏதோ பெரிய போரில் ஜெயித்துவிட்டு வந்தவள்போல அன்று முழுக்கச் சிரித்த முகத்தோடு இருந்தாள். அந்தச் சிரிப்பின் விலை எனக்குப் பத்து நாள் கழித்துத் தபாலில் வந்தது.

ஆபீஸ் உத்தியோகமும் பூமிக்கு மேல் பதவி உயர்வும்

இந்தத் தொடரை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் அம்மாவை நன்றாகத் தெரியும். சிலர் அவளுக்காக என்னைத் திட்டிக் கடிதம்கூட எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பெயர் பிலோமினா. தொம்மலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. "ஆபீஸ்ல இருக்கேன்" என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்வாள். பொய்யில்லை. அந்த ஆபீஸின் ஏழாவது மாடித் தரையும் கழிவறைகளும் அவள் கையால்தான் பளபளத்தன.

அப்பா அந்தோணிராஜ், கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குள் கடைசியாக இறங்கிய ஆட்களில் ஒருவர். சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்தார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்று லாரிகளுக்கு கேட் திறந்துவிடுவார். பூமிக்கு அடியில் தங்கம் தோண்டியவருக்குப் பூமிக்கு மேலே கிடைத்த பதவி உயர்வு அது. மர்பி டவுனிலிருந்து பீன்யாவுக்குப் போய்வர அவர் பஸ்ஸில் செலவழித்த நேரத்தில் நான் இரண்டு டிகிரி வாங்கியிருக்கலாம்.

வாங்கவேண்டும் என்பதுதான் என் ஆசையும். பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு நகரத்தின் நல்ல கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்திருந்தது. இடம்தான் கிடைத்தது. அதில் உட்காரக் கட்டவேண்டிய ஃபீஸ் எங்கள் மூன்று பேரையும் எடைக்குப் போட்டாலும் தேறாது.

இந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா ஆன்ட்டி ஒரு வரன் கொண்டுவந்தார். எங்கள் பங்குக் கோயிலில் பாதிக் கல்யாணங்கள் ஸ்டெல்லா ஆன்ட்டியின் கைப்பையிலிருந்து வந்தவை. பையனுக்கு ரயில்வேயில் வேலை, நிரந்தரம், குடிக்க மாட்டான். 'ரயில்வே' என்று சொல்லும்போது அம்மாவின் குரல் தானாகத் தாழ்ந்துவிடும், பூசை நேரத்தில் பேசுவதுபோல.

அவள் பயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா வேலை கான்ட்ராக்ட். எந்தத் திங்கட்கிழமையும் "நாளைக்கு வராதே" என்று சொல்லிவிடலாம். அதற்குள் என்னை ஒரு கரையில் சேர்த்துவிட வேண்டும் என்று தவித்தாள். அந்தத் தவிப்பு அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது புரிகிறது. அப்போதும் இப்போதும் அது எனக்குச் சௌகரியமாக இருந்ததில்லை.

ஒரு வாரம் சண்டை போட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

"ஸ்காலர்ஷிப்பு கெடச்சா படி. கெடைக்கலன்னா வாய மூடிக்கினு ஸ்டெல்லா அக்கா சொல்ற எடத்துக்கு தல ஆட்டு. சரியா?"

"சரி," என்றேன். கிடைக்காது என்ற தைரியத்தில் அவளும், கிடைத்துவிடும் என்ற திமிரில் நானும் கைகுலுக்கிக்கொண்டோம்.

ஏழை என்பதற்கு மூன்று நகல்

ஏழைப் பிள்ளைகள் மேற்படிப்புப் படிக்க உதவும் அறக்கட்டளை ஒன்று நகரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம், நல்லவர்கள். அவர்களுடைய விண்ணப்பம் பதினாறு பக்கம்.

ஏழையாக இருப்பது சுலபம், எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்காகத் தனியாகப் பயிற்சி எடுத்ததில்லை. அதை நிரூபிப்பதுதான் கஷ்டம். வருமானச் சான்றிதழுக்கு அரசு அலுவலகத்தில் அப்பா இரண்டு நாள் வரிசையில் நின்றார். வேலைக்குப் போகாததால் அந்த இரண்டு நாளும் உண்மையாகவே வருமானம் இல்லை. அதைச் சான்றிதழில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். ரேஷன் கார்டு, வாடகை ரசீது, கரண்ட் பில், ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல். அல்சூர் மார்க்கெட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அந்த மாதம் என்னால் கொஞ்சம் வசதியாகிவிட்டார் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டுரை. 'உங்கள் குடும்பச் சூழலை ஐந்நூறு வார்த்தைகளில் விவரிக்கவும்.' அதற்கு முந்தைய வருடம் உதவி வாங்கிய சீனியர் ஒருத்தி எனக்கு ரகசியம் சொல்லிக்கொடுத்தாள்.

"படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும் ரீனா. சும்மா 'கஷ்டம்'னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க."

நான் நல்ல மாணவி. சொன்னதைச் செய்தேன். 'மழை பெய்யும் இரவுகளில் எங்கள் கூரை அழுகிறது, அதன் கீழே பாத்திரங்களை வைத்துவிட்டு நாங்களும் அழுகிறோம்' என்று ஆங்கிலத்தில் உருகினேன். எங்கள் வீடு கீழ்த்தளம். மேலே வீட்டுக்காரர் குடியிருந்தார். மழை எங்களிடம் வரவேண்டும் என்றால் அவரைத் தாண்டித்தான் வரவேண்டும். ஆனால் கூரை அழுதால் எனக்குப் படிப்பு கிடைக்கும் என்றால் அழட்டுமே என்று விட்டுவிட்டேன்.

பதினான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'எங்கள் பிரதிநிதிகள் முன்னறிவிப்பு இல்லாமல் உங்கள் வீட்டுக்கு நேரில் வரலாம்.' நான் படிக்கவில்லை. அழுத களைப்பில் கையெழுத்தை மட்டும் போட்டேன்.

மகிழ்ச்சி அடைந்தவர்கள்

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, மிகவும் மரியாதையாக. விஷயம் இதுதான். தங்கள் இல்லத்துக்கு நேரில் வந்து பார்த்ததில், தங்கள் குடும்பம் நல்ல நிலையில் இருப்பதை அறிந்து அறக்கட்டளை மகிழ்ச்சி அடைகிறது. ஆகவே இந்த உதவி தங்களைவிடத் தேவை அதிகமுள்ள வேறொருவருக்குச் செல்வதே முறை.

எங்கள் குடும்ப நிலையைப் பார்த்து ஒருவர் மகிழ்ச்சி அடைந்தது அதுவே முதல்முறை. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு அடுப்படிக்குப் போனேன்.

"அம்மா, அன்னிக்குக் கேசரி சாப்பிட்டவங்க யாரு?"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "மாப்ள வூட்டு சைடு. இத்தன நாளு சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"அவங்களே அப்படிச் சொன்னாங்களா?"

"எவங்கடி சொல்லுவாங்க? ட்ரஸ்ட்டுன்னாங்க, விசாரணன்னாங்க, ஃபைலு ஒன்னு வேற. நான் உள்ளுக்குள்ள சிரிச்சிக்கினேன். எனக்குத் தெரியாதா இந்த டகால்டி எல்லாம்?"

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றை விளக்காமல் மேலே போக முடியாது.

கேஸ் கனெக்‌ஷன் பார்க்க வந்த சித்தப்பா

தங்கவயலில் எல்லோரும் வரிசை வீடுகளில் இருந்தார்கள். ஒரே சுவர், ஒரே குழாய். எந்தப் பெண் எப்படி, எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எவன் சம்பளத்தன்று எங்கே விழுந்து கிடந்தான் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விசாரிக்கவேண்டிய அவசியமே இல்லை.

சுரங்கம் மூடி ஆட்கள் பெங்களூர் முழுக்கச் சிதறியபிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. யார் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை பக்கத்து உறவு ஒரு ஜோடி, சொல்லாமல் கொள்ளாமல் பெண் வீட்டுக்கு வந்துவிடும். வீடு சாதாரண நாளில் எப்படி இருக்கிறது என்று பார்க்க. வந்தவர்கள் தாங்கள் யார் என்று சொல்ல மாட்டார்கள். ஏதாவது ஒரு சாக்கு வைத்திருப்பார்கள். எதிர்வீட்டு ஷீலாவுக்கு வந்தவர்கள் கேஸ் கனெக்‌ஷன் சரிபார்க்க வந்ததாகச் சொல்லி, சிலிண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நிச்சயதார்த்தத்தன்று பார்த்தால், கேஸ்காரர் மாப்பிள்ளையின் சித்தப்பா.

பெண் வீட்டாரும் கண்டுகொண்டதாகக் காட்டக் கூடாது. அது மரியாதையில்லை. வந்தவர் எந்த வேஷத்தில் வந்தாலும் அதை நம்பியதுபோலவே நடந்து, கேட்டதற்குப் பெருமையாகப் பதில் சொல்லி, வயிறு நிறையப் போட்டு அனுப்பவேண்டும். பெண்ணிடமும் மூச்சு விடக் கூடாது.

"பொண்ணு பாக்க வர்ற ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது, அதுக்கு முன்னாடி எப்ப வேணா வருவாங்க பிலோ, ரெடியா இரு" என்று ஸ்டெல்லா ஆன்ட்டி சொல்லிவைத்திருந்தார். அம்மா ரெடியாக இருந்தாள். முந்திரிகூட வாங்கி ஒளித்துவைத்திருந்தாள். அந்த வாரம் ஒரு ஜோடி வந்து கதவைத் தட்டியது.

அறக்கட்டளைக்காரர்கள் தாங்கள் யார் என்று உண்மையைத்தான் சொன்னார்கள். எங்கள் சந்தில் அந்த அளவு நேர்மையை யார் நம்புவார்கள்?

கேட்டதும் சொன்னதும்

வெங்காயத்தைத் தள்ளிவைத்துவிட்டு அம்மாவை உட்காரவைத்து முழுவதையும் கேட்டேன். அவளும் பெருமையாகவே சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது. உதவி கொடுக்க வந்தவர்களும் பெண் எடுக்க வருகிறவர்களும் கேட்கிற கேள்விகளில் ஒரு வித்தியாசமும் இல்லை.

வீடு சொந்தமா என்று கேட்டிருக்கிறார்கள். சொந்தம், தங்கவயலில் இன்னொன்று. அப்பா என்ன வேலை? பீன்யாவில் சூப்பர்வைசர், அவர் கை காட்டாமல் ஒரு லாரி உள்ளே போகாது. இந்தக் கடைசி வாக்கியம் உண்மை. நகை ஏதாவது? இருபது பவுன் எடுத்து வைத்தாயிற்று. மகளைப் பற்றி?

"தையல் தெரியும், மீன் கொழம்பு என்ன விட நல்லா வெப்பா, அதிந்து பேச மாட்டான்னு சொன்னேன். அந்தம்மா எழுதிக்கினாங்க."

மீன் குழம்பு வைக்கிற வேதியியல் மாணவி. அந்தப் பெண்மணி அதை எந்தப் பத்தியில் எழுதிக்கொண்டார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

"படிப்புச் செலவுக்கு இன்னா பண்ணுவீங்கன்னாரு. பொண்ணுக்கு செய்யறதுல ஒரு கொறையும் வெக்க மாட்டோம் சார், நீங்க கவலையே படாதீங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"மேல படிக்க வெப்பீங்களான்னு அந்தம்மா கேட்டுச்சி. அது உங்க இஷ்டம்மா, வேணாம்னா நாளைக்கே நிறுத்திடலாம்னேன். இதுல இன்னாடி தப்பு?"

கடிதத்தை அவளுக்குத் தமிழில் படித்துக்காட்டினேன். அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அந்த முந்திரி?"

"போச்சு."

"நான் பேசறத எல்லாம் எழுதிக்கினாங்களேடி. நல்ல குடும்பம்னு எழுதிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

"அதைத்தான் எழுதிட்டாங்க."

ஒப்பந்தப்படி அம்மா ஜெயித்துவிட்டாள். உதவித்தொகை இல்லை, படிப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை ரயில்வே. இதற்குமேல் அவள் வாயே திறக்காமல் இருந்திருந்தால் போதும். நான் அழுது முடித்துவிட்டுத் தலையை ஆட்டியிருப்பேன், வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா. ஆனால் அவள் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"உனக்கு மார்க்கு பத்தலன்னு இல்லன்னுட்டா அது வேற. என் வாயால கெட்டுப்போச்சுன்னா அது கணக்குல வராது. அவங்க ஆபீஸு எங்க இருக்குது? நானே வந்து சொல்றேன்."

எங்கள் வீட்டில் நீதிமன்றம் அப்படித் திடீரென்று கூடும். தீர்ப்பு எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது.

இது ரெண்டும் ஒரே வீடா?

அறக்கட்டளைக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவோடு வரச் சொன்னார்கள். கல்லூரியில் ஃபீஸ் கட்டக் கடைசி நாளும் அதே வெள்ளிதான். அம்மா ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அந்த நீலப் புடவையை எடுத்துப் பார்த்தாள். மறுபடி மடித்துவைத்துவிட்டு, தினமும் வேலைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டாள்.

நீளமான மேஜை. நடுவில் தலைவர். வெள்ளை முடி, கன்னடம் கலந்த தமிழ். அவருக்கு ஒரு பக்கம் பச்சைக் குடைப் பெண்மணி, மறுபக்கம் நெய்க்கறை ஃபைல்காரர். அம்மாவைப் பார்த்ததும் ஃபைல்காரர் சிநேகமாகச் சிரித்தார். சாப்பிட்ட நன்றி அந்த மனிதருக்கு இருந்தது.

தலைவர் இரண்டு தாள்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என் கட்டுரை, இன்னொன்று அவர்கள் எழுதிய அறிக்கை.

"நோடம்மா, இதுல கூரை அழுவுது. இதுல இருவது பவுனு, ரெண்டு வீடு. இது ரெண்டும் ஒரே வீடா?"

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டும் பொய்யி சார். அவ எழுதனதும் பொய்யி, நான் சொன்னதும் பொய்யி. கூர ஒழுவாது. மழ வந்தா சந்துல முட்டி வரைக்கும் தண்ணி நிக்கும், உள்ள வரும், கட்டில் மேல ஏறி உக்காந்துக்குவோம். அத எழுதாம வுட்டுட்டு இவ கூரைக்குப் போயிட்டா."

பெண்மணி குனிந்து எதையோ எழுதினார்.

"வூடு வாடக. தங்கவயல்ல ஒன்னும் இல்ல. அவரு சூப்பர்வைசர் இல்ல சார், கேட்டு தொறக்கறாரு. இருவது பவுன்னு சொன்னேன்." அம்மா காதைத் தொட்டுக் காட்டினாள். "இதான்."

"நீங்க ஆபீஸ்ல வேலைன்னு இருக்கே?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா ஆன்ட்டிக்கும், சந்துக்கும், கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் இத்தனை வருடம் காப்பாற்றிவந்த அந்த ஒரு சொல்லை அவள் அங்கே கீழே வைத்தாள்.

"ஆபீஸ்லதான் சார். கக்கூஸ் கழுவறேன்."

அந்த வேலை என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் வாயால் அதைக் கேட்டதே இல்லை. ஒரு படிப்புக்காக இவளை இங்கே கூட்டிவந்து இதைச் சொல்லவைத்துவிட்டேனே என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அழும் கூரையை எழுதிய எனக்கு அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"பின்ன எதுக்கும்மா அப்பிடி சொன்னீங்க?" என்றார் பெண்மணி.

"பொண்ணு பாக்க வந்தவங்கன்னு நெனச்சேம்மா. அன்னிக்கி சொன்னதும் இவளுக்குத்தான், இன்னிக்கி சொல்றதும் இவளுக்குத்தான்."

கையெழுத்து

அங்கேதான் சிக்கல் வேறு பக்கம் திரும்பியது. தலைவர் நாற்காலியில் சாய்ந்து கொண்டார்.

"அப்போ கல்யாணம் நடக்கப் போவுது. நாங்க போன தடவ ஒரு பொண்ணுக்குக் குடுத்தோம். ரெண்டாவது செமஸ்டர்ல கல்யாணம் ஆகி ஓசூருக்குப் போயிடிச்சி. படிப்பும் இல்ல, ஒன்னும் இல்ல. சும்னே வேஸ்ட்டு. ஏழைங்கறது சரி, நான் நம்பறேன். ஆனா இவ படிச்சு முடிப்பாங்கறதுக்கு என்ன கேரண்டி?"

தானம் கொடுப்பவர்களுக்குக் கேரண்டி வேண்டும். மிக்ஸிக்குக் கேட்பதில்லையா, அதுபோலத்தான். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, படிப்பு முடியும் வரை மகளுக்குக் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று தாயார் எழுதிக் கொடுத்தால் இன்றே அனுமதிக் கடிதம் தருவதாகச் சொன்னார். கல்லூரிக்குக் காட்ட அது போதும்.

நான் ஒரு வாரம் கத்திக் கதறிக் கேட்டுக் கிடைக்காததை அந்த மனிதர் ஒரு தாளில் கேட்டுவிட்டார். எனக்கு உள்ளே குதூகலமாக இருந்திருக்கவேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்தபிறகு அப்படி இருக்கவில்லை.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். ரயில்வே, நிரந்தரம், குடிக்க மாட்டான். இப்படி ஒரு இடம் எங்கள் சந்துக்கு மறுபடி வராது என்று அவள் உறுதியாக நம்பினாள்.

"ரெண்டு வருசமா சார்?"

"ரெண்டு வருஷம்."

"நடுவுல அவருக்கு வேல போய்ட்டா?"

இந்தக் கேள்விக்குப் பதினாறு பக்க விண்ணப்பத்தில் இடமில்லை. அம்மா நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். எடை போடுகிற பார்வை. மீன் குழம்பெல்லாம் அதில் இல்லை.

"பேனா குடுங்க," என்றாள்.

நான் எழுதினேன், கீழே அவள் தமிழில் 'அ.பிலோமினா' என்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். ஃபைல்காரர் அதையும் நெய்க்கறைக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினார்.

அந்த உதவித்தொகைக்காகப் பிற்பாடு ஒரு மண்டபத்தில் விழா வைத்து, கதவு அளவுக்கு ஒரு அட்டைக் காசோலையை என் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். படத்தில் காசோலை தெளிவாகத் தெரியும், என் முகம் பாதிதான். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு வாரம் ஆகும். எனக்கு அந்த உதவியின் படம் என்றால் அது இல்லை, 'பேனா குடுங்க' என்று நீண்ட அந்தக் கைதான்.

ஒரு போன்

அனுமதிக் கடிதத்தோடு கல்லூரிக்கு ஓடி, கவுண்ட்டர் மூடுவதற்குள் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். அம்மா பையிலிருந்து போனை எடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா நம்பரை ஸ்டெல்லா ஆன்ட்டி கொடுத்திருந்தார். அம்மா போனில் சத்தம் எப்போதும் முழு அளவில் இருக்கும், ஸ்டாப்பில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்.

என்ன பொய் சொல்லப்போகிறாள் என்று நான் ஊகித்து வைத்திருந்தேன். பெண் கன்னியாஸ்திரியாகப் போகிறாளாம் என்பதுதான் எங்கள் பக்கத்தில் வழக்கமான மறுப்பு. யாருக்கும் மனவருத்தம் இருக்காது, ஆண்டவரோடு யார் போட்டி போடுவார்கள்?

"அம்மா, நான் பிலோமினா பேசறேன், மர்பி டவுன்லேர்ந்து. ஞாயித்துக்கெழம வராதீங்கம்மா. பொண்ணு படிக்கப் போறா. எங்களுக்கு கட்ட வசதி இல்ல, ஒரு ட்ரஸ்ட்டுல குடுக்கறாங்க. ரெண்டு வருசம் கல்யாணம் பண்ண மாட்டேன்னு கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன்."

ஒரே நாளில் இரண்டாவது உண்மை. எனக்குத் தெரிந்து அது அவளுடைய சாதனை.

மறுபக்கம் குரல் கொஞ்சம் ஏறியது. "படிச்சு முடிக்கறதுக்குள்ள பொண்ணுக்கு வயசாயிடுமேம்மா?"

"ஒங்க பையனுக்கு மட்டும் ஆவாதா?" என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்தாள்.

பஸ் வந்தது, ஏறினோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். அல்சூர் ஏரி தாண்டும்போது, "நல்ல எடம்டி அது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உடனே வெடுக்கென்று உதறிவிட்டுத் திரும்பினாள்.

"ஒன்னு சொல்றேன் கேட்டுக்கோ. ஒரே ஒரு பேப்பர்ல அரியர் வெச்சியோ, அந்தப் பையன் எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சி உன்னக் கட்டி வெச்சிடுவேன்."

இரண்டு வருடமும் அந்தப் பையன் எங்கள் வீட்டில் கூடவே குடியிருந்தான். நான் டி.வி. முன்னால் உட்கார்ந்தால், "அவன் இன்னும் காத்துக்கினுதான் இருக்கறானாம்" என்பாள். செமினாருக்கு நேரமாகியும் தூங்கினால், "ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போடட்டா?" பரீட்சை சமயத்தில் பெயர்கூடத் தெரியாத அந்த ரயில்வே ஊழியனை நினைத்துத்தான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைக் கரைத்துக் குடித்தேன். உட்கார்ந்து படி என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கடைசி ரிசல்ட் வந்த அன்று ஒரு அரியரும் இல்லை, முதல் வகுப்பு. வேலை முடிந்து வந்த அம்மாவிடம் போனில் மார்க்கைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாம் பாஸா?"

"எல்லாம் பாஸு. இப்ப சொல்லு, உன் ரயில்வே மாப்பிள்ளைய என்ன பண்ணப் போற?"

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"அவனுக்கு அப்பவே மூணு மாசத்துல கல்யாணம் ஆயிடிச்சிடி. நானும் உங்கப்பாவும் போய் பிரியாணி துன்னுட்டு வந்தோம்."